ரயில் நிலையத்துக்கு அடியில் போன டெஸ்ட் மைதானம்: ஜோகன்னஸ்பர்க்கின் பழைய வாண்டரர்ஸ்

பழைய ஸ்கோர்புக்

2006ல் ஆஸ்திரேலியாவின் 434ஐத் தென்னாப்பிரிக்கா துரத்திப் பிடித்த ஆட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது நடந்தது ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸில். ஆனால் 1896 என்று தேதி போட்ட ஸ்கோர்கார்டிலும் "வாண்டரர்ஸ், ஜோகன்னஸ்பர்க்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. ஒன்றல்ல. பழைய வாண்டரர்ஸ் ஊரின் நட்ட நடுவில் இருந்தது. 1896 முதல் 1939 வரை அங்கே 22 டெஸ்ட் நடந்தன. 1946ல் ரயில்வே அதை எடுத்துக்கொண்டது. பார்க் ஸ்டேஷன் விரிவாக்கத்துக்குள் மைதானம் முழுசாகப் போய்விட்டது.

1886ல் தங்கம் கிடைத்து, கூடாரமும் தகரக் கொட்டகையுமாக எழுந்த ஊர் ஜோகன்னஸ்பர்க். இரண்டே வருஷத்தில், 1888ல், வாண்டரர்ஸ் கிளப் வந்துவிட்டது. ஜனாதிபதி க்ரூகரின் டிரான்ஸ்வால் அரசு கொடுத்த நிலம் என்பதால் அந்த இடத்துக்கு க்ரூகர் பார்க் என்று பெயர். 1890ல் பக்கத்திலேயே ரயில் வந்தது. பார்க்குக்கு அருகே நின்றதால் நிறுத்தத்துக்கும் பார்க் என்றே பெயர் ஆனது. அதாவது மைதானத்திடம் பெயரை வாங்கிக்கொண்ட ஸ்டேஷன்தான் பின்னால் மைதானத்தையும் வாங்கிக்கொண்டது. இங்கே யாராவது இதைப் பற்றிப் படித்திருந்தால் எழுதுங்கள். எனக்கு இந்த மைதானத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு பைத்தியம்.

தெற்கு மாசி

நல்ல இழை சார். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பழைய வாண்டரர்ஸ் என்றாலே எல்லோரும் சொல்வது இரண்டு விஷயம்: 1896ல் இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் எடுத்த 9/28 (28 ரன்னுக்கு 9 விக்கெட்), 1913ல் இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் ஒரே டெஸ்டில் எடுத்த 17/159. இரண்டுமே மேட்டிங் விக்கெட்டில் எடுத்தவை. சரளை மண்ணில் பாயை விரித்து, அதில் நாலாபக்கமும் திரும்புகிற பந்தைப் போட்டு எடுத்த விக்கெட்டை, ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்த லேக்கரோடும் கும்ப்ளேயோடும் ஒரே பட்டியலில் வைக்கலாமா?

பழைய ஸ்கோர்புக்

வைக்கலாம், கொஞ்சம் விவரத்தோடு. முதலில் லோமன். 1896 மார்ச் 2ஆம் தேதி தொடங்கிய அந்த டெஸ்ட்தான் இந்த மைதானத்தின் முதல் டெஸ்ட். இங்கிலாந்து எடுத்தது 482. டாம் ஹேவர்ட் 122. தென்னாப்பிரிக்கா 197, 134. அதே பாயில்தான் ஒரு அணி 482 அடித்திருக்கிறது. அப்புறம் பாயை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

குறை சொல்வதென்றால் எதிரணியின் பலத்தைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தொடரில் லோமன் 35 விக்கெட், சராசரி 5.80. போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்கா 30க்கு ஆல் அவுட், லோமன் 8/7. இவை பிற்பாடு டெஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்ட ஆட்டங்கள். லோமனுக்கு அப்போதே காசநோய். அதற்காகத்தான் அந்த நாட்டின் வறண்ட காற்றைத் தேடிப் போனார், 1901ல் மேட்ஜீஸ்ஃபொன்டைனில் இறந்தார். வயது 36.

இன்னொன்று. அந்த டெஸ்ட் நடந்த சமயம் ஊர் இருந்த நிலையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பு க்ரூகர் அரசைக் கவிழ்க்க வந்த ஜேம்சன் படையெடுப்பு தோற்று, ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் பிரிட்டோரியா சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஏப் பெய்லி, பின்னால் தென்னாப்பிரிக்க கிரிக்கெட்டுக்குப் பணம் கொட்டியவர். பிப்ரவரி 19ஆம் தேதி பக்கத்து பிராம்ஃபொன்டைனில், ரயில் பெட்டிகளில் நின்றிருந்த 50 டன்னுக்கு மேற்பட்ட டைனமைட் வெடித்துச் சிதறியது. அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இங்கே டாஸ் போட்டுவிட்டார்கள்.

நார்ப்பாய்

தெற்கு மாசி, மேட்டிங்கில் ஆடியிருக்கிறீர்களா? நான் மாவட்ட லீக்கில் வருஷக்கணக்காக ஆடியவன். "நாலாபக்கமும் திரும்பும்" என்று சொல்வது பாதி உண்மை.

பாயை இழுத்து ஆணி அடித்து விறைப்பாக வைத்தால் பந்து எழும் உயரம் ஒரே சீராக இருக்கும். புல் பிட்சில் மூன்றாம் நாள் ஒரு பந்து முட்டிக்கு வரும், ஒன்று கணுக்காலில் உருளும். பாயில் அந்தத் தொல்லை கிடையாது. பின்காலில் போய் கட் ஷாட், புல் ஷாட் அடிக்கத் தெரிந்தவனுக்கு அது சொர்க்கம். முன்காலில் நீட்டி டிரைவ் அடித்தே பழகியவனுக்குத்தான் நரகம், பந்து வயிற்றுக்கு வந்து நிற்கும். பாய் தளர்ந்து சுருக்கம் விழுந்தால் கதையே வேறு. அப்போது பந்து எங்கே போகும் என்று போட்டவனுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம், நார் பந்தைப் பிடிக்கும். விரலால் கட்டர் போடுகிறவனுக்கும் மணிக்கட்டால் சுழற்றுகிறவனுக்கும் முதல் ஓவரிலிருந்தே வேலை இருக்கும். பார்ன்ஸ் வேகமாகவே லெக் பிரேக் போடுவார் என்று படித்திருக்கிறேன். அதைப் பாயில் நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், அடியில் கெட்டி மண், மேலே பாய். பந்து எப்படி எகிறியிருக்கும்!

அவுட்ஃபீல்டும் புல் இல்லாத செம்மண்தானே? பந்து பத்து ஓவரில் பட்டையாகிவிடும். ஃபீல்டிங்கில் டைவ் அடித்தால் தோல் உரியும்.

கணக்குப்பிள்ளை

ஆமாம், செம்மண்தான். பார்ன்ஸ் விஷயத்தில் பாயைக் காரணம் காட்ட முடியாததற்கு ஒரே பெயர் போதும்: தென்னாப்பிரிக்காவின் ஹெர்பி டெய்லர். 1913-14 தொடரில் பார்ன்ஸ் நாலே டெஸ்டில் 49 விக்கெட், சராசரி 10.93. ஐந்தாவது டெஸ்டில் பணத் தகராறில் ஆடவே இல்லை. அதே தொடரில், அதே பார்ன்ஸை எதிர்த்து, டெய்லர் 508 ரன், சராசரி 50.80. தொடர் முழுக்க மற்றவர்கள் வந்து வந்து போனார்கள், இவர் மட்டும் நின்றார். பாயில் ஆடவே முடியாது என்றால் டெய்லரும் ஆடியிருக்க முடியாது.

வாண்டரர்ஸ் ஆட்டத்தில் பார்ன்ஸ் 8/56, 9/103. இங்கிலாந்து பக்கம் வில்ஃபிரட் ரோட்ஸ் 152. இன்னிங்ஸ் வெற்றி.

பாயில் மட்டும் ராஜா என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்டர் நூப்பென். நார்வேயில் பிறந்தவர், சிறு வயதில் ஒரு கண்ணை இழந்தவர். 1930 டிசம்பரில் இதே மைதானத்தில் ஒரே ஒரு டெஸ்டுக்குக் கேப்டன். 11 விக்கெட் எடுத்து 28 ரன்னில் இங்கிலாந்தைத் தோற்கடித்தார். புல் பிட்சில் அவர் சாதாரணம். 1930களில் பாய் போய்ப் புல் வந்தது, அவர் மாதிரி ஆட்களின் காலமும் முடிந்தது.

தெற்கு மாசி

சரி, டெய்லர் வாதம் பலமானது. பார்ன்ஸை விட்டுவிடுகிறேன். லோமனின் 9/28 பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத்தான் படிப்பேன்.

1906 ஆட்டத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன். அதுதான் இந்த மைதானத்தின் உச்சம் என்று கேள்வி.

கணக்குப்பிள்ளை

எழுதுகிறேன். அதற்கு முன் கூக்ளியை, அதாவது லெக் பிரேக் மாதிரி போட்டு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, சொல்ல வேண்டும். பொசான்கே இங்கிலாந்தில் கண்டுபிடித்த பந்தை அவரோடு மிடில்செக்ஸில் ஆடிய ரெஜி ஷ்வார்ஸ் கற்றுக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார். அங்கே ஆப்ரி ஃபாக்னர், எர்னி வோக்லர், கார்டன் ஒயிட் மூவரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே அணியில் நான்கு கூக்ளிக்காரர்கள். நார்ப்பாய் சொன்ன அந்தப் பிடிப்பும் எகிறலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒருவரின் வித்தையாக இருந்தது இங்கே ஒரு பள்ளிக்கூடமே ஆகிவிட்டது. அதற்குக் காரணம் அந்தப் பாய்தான் என்பது என் முடிவு.

1906 ஜனவரி 2. பெல்ஹாம் வார்னரின் இங்கிலாந்து அணி 184. தென்னாப்பிரிக்கா 91தான். இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 190. இலக்கு 284. அதற்கு முன் ஆடிய 11 டெஸ்டில் தென்னாப்பிரிக்கா ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. 10 தோல்வி, ஒரு டிரா. அந்த டிராவும் இதே மைதானத்தில்தான், போயர் போர் முடிந்த சில மாதத்தில், 1902 அக்டோபரில், ஆஸ்திரேலியாவோடு.

105க்கு 6 விக்கெட். அங்கிருந்து ஒயிட்டும் டேவ் நர்ஸும் 121 சேர்த்தார்கள். ஒயிட் 81ல் போனார். 239க்கு 9. இன்னும் 45 வேண்டும், உள்ளே வந்தவர் 11ஆம் ஆட்டக்காரர், கேப்டனும் விக்கெட் கீப்பருமான பெர்சி ஷெர்வெல். பதினொன்றாம் ஆள் என்பது பெயருக்குத்தான். அடுத்த வருஷம் லார்ட்ஸில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி சதம் அடித்தவர் அவர். வந்ததிலிருந்து நிதானம். ஸ்கோர் சமமாகி நின்றபோது ரெல்ஃப் லெக் பக்கம் ஒரு ஃபுல்டாஸ் போட, ஷெர்வெல் அதை பவுண்டரிக்குத் தட்டினார். நர்ஸ் 93 நாட் அவுட், ஷெர்வெல் 22 நாட் அவுட். ஒரு விக்கெட்டில் வெற்றி.

அதே பதினொரு பேர் ஐந்து டெஸ்டும் ஆடி 4-1 என்று தொடரைப் பிடித்தார்கள். ஐந்தில் மூன்று இங்கேதான். அந்த அணியில் ஒரு மாற்றம்கூட இல்லை என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

குறுக்குக் கேள்வி

எல்லாம் பிரமாதம். 1906ல் அந்த மைதானத்தின் ஸ்டாண்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யாருமே எழுதவில்லையே? அது வெள்ளையர் கிளப். தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த கறுப்பர் யாரும் அங்கே மட்டை பிடிக்க முடியாது. 1894ல் முதல் இங்கிலாந்துப் பயணத்துக்கே "குரோம்" ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளரை வெள்ளையர் அல்ல என்பதால் விட்டுவிட்டுப் போனவர்கள். "தென்னாப்பிரிக்காவின் முதல் வெற்றி" என்று சொல்லும்போது எந்தத் தென்னாப்பிரிக்கா என்று கேட்க வேண்டாமா?

ஷெர்வெல் பவுண்டரி அடித்த அதே 1906ல், செப்டம்பர் மாதம், அதே ஊரில் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடி, ஆசியர்கள் மீது திணித்த பதிவுச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அங்கிருந்துதான் சத்தியாகிரகம். அந்த ஊர்த் தமிழர்கள் எத்தனை பேர் சிறை போனார்கள்! தம்பி நாயுடு பெயர் போதும்.

பழைய ஸ்கோர்புக்

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதாலேயே அதை மறைக்கிறோம் என்று ஆகாது. கிரிக்கெட் பக்கமும் இருக்கட்டும், நீங்கள் சொல்வதும் இருக்கட்டும்.

ஊருக்குப் போன ஒருத்தி

நான் வேலைக்காகச் சில வருஷம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தேன். இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், கேட்ட கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

இன்று பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாண்டரர்ஸ் ஸ்ட்ரீட் இருக்கிறது. அதை ஒட்டி நூர்ட் தெரு டாக்சி ஸ்டாண்டு. அங்கே டாக்சி என்றால் நம் ஷேர் ஆட்டோ போல ஆள் சேர்ந்ததும் கிளம்பும் மினிபஸ். அவ்வளவு கூட்டம், அவ்வளவு ஹாரன். இங்கே ஒரு டெஸ்ட் மைதானம் இருந்தது என்று அந்த வரிசையில் நிற்பவரிடம் சொன்னால் சிரிப்பார். வாண்டரர்ஸ் என்ற பெயர் அவர்களுக்கு ஒரு தெரு, ஒரு ஸ்டாண்டு. கீழே 2012லிருந்து கவுட்ரெயின் என்ற விரைவு ரயிலும் ஓடுகிறது.

அங்கிருந்து வடக்கே மேட்டில் ஏறினால் சுமார் ஒரு கிலோமீட்டரில் ஓல்ட் ஃபோர்ட் சிறை. 1908ல் காந்தியை அடைத்தது அங்கேதான், தம்பி நாயுடுவும் அங்கே இருந்தார். இப்போது அந்த வளாகத்தில் அரசியல் சாசன நீதிமன்றம். தெற்கே, ரிசிக் தெருவும் ஆண்டர்சன் தெருவும் சந்திக்கும் மூலையில் காந்தியின் வக்கீல் ஆபீஸ் இருந்தது. மைதானம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. தில்லையாடி அவள் அம்மாவின் ஊர். 1913 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெண்கள் கூட்டத்தோடு சத்தியாகிரகத்துக்குக் கிளம்பியவள் டிசம்பரில் மாரிட்ஸ்பர்க் சிறையில். அதே டிசம்பர் கடைசி வாரத்தில்தான் பார்ன்ஸ் இங்கே 17 விக்கெட் எடுத்தார். 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, 16 வயதில் வள்ளியம்மை போய்விட்டாள். பிராம்ஃபொன்டைன் கல்லறையில் இருக்கிறாள், நான் போய்ப் பார்த்தேன். 1914 டெஸ்ட் ஸ்கோர்களைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தேதியும் கூடவே வரும்.

குறுக்குக் கேள்வி

நன்றி அக்கா. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

இரயிலடி

மைதானம் போன கதையை யாரும் சரியாகச் சொல்லவில்லை, ரயில்வே பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

ஊர் வளர வளர பார்க் ஸ்டேஷனுக்கு இடம் போதவில்லை. 1890களில் நெதர்லாந்திலிருந்து இரும்பும் கண்ணாடியுமாக ஒரு கூரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1932ல் கார்டன் லீத், மூர்டைக் இருவரும் வடிவமைத்த பெரிய கட்டடம் திறந்தார்கள். அதற்காகப் பியர்னீஃப் 32 ஓவியங்கள் வரைந்தார். அதுவும் போதவில்லை. தண்டவாளத்துக்கு வடக்கே காலியாகக் கிடந்த பெரிய நிலம் எது? மைதானம். சுரங்க ஊரின் நடுவில் அவ்வளவு பெரிய வெற்று நிலம் அத்தனை வருஷம் தப்பியதே அதிசயம் என்பேன்.

கிளப்புக்கு நஷ்டமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடக்குப் புறநகரில் இலோவோ பக்கம் கென்ட் பார்க் என்ற பெரிய நிலத்துக்குப் போனார்கள். பணக்கார வீடுகள் சூழ்ந்த பகுதி. நஷ்டப்பட்டது ஊரின் நடுப்பகுதிதான். ரயிலில் இறங்கி நடந்தே டெஸ்ட் பார்க்கப் போகும் வசதி அங்கே அப்புறம் வரவில்லை.

இடைப்பட்ட காலத்தில் டெஸ்டுகள் எல்லிஸ் பார்க் ரக்பி மைதானத்தில் நடந்தன. 1948 முதல் 1954 வரை ஆறு.

நார்ப்பாய்

அந்த எல்லிஸ் பார்க்கில்தானே 1953ல் நியூசிலாந்தின் பாப் பிளேர் ஆடியது? டாங்கிவாய் ரயில் விபத்தில் கல்யாணம் பேசியிருந்த பெண் இறந்த செய்தி வந்து, அவர் ஹோட்டலில் இருந்தார் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் மட்டையோடு இறங்கினாரே. எதிரில், பந்து பட்டுத் தலையில் கட்டோடு, சக ஆட்டக்காரர் சட்க்ளிஃப். இந்த இழையில் ரயில் எங்கே போனாலும் வருகிறது.

இரயிலடி

அவரேதான். இன்னொரு ரயில் நிலைய விஷயம், கொஞ்சம் கசப்பானது. மைதானத்தை விழுங்கிய ஸ்டேஷனைக் கட்டி முடித்தபோது அதில் வெள்ளையருக்குத் தனிக் கூடம், மற்றவர்களுக்குத் தனிக் கூடம். 1964 ஜூலை 24ஆம் தேதி அந்த வெள்ளையர் கூடத்தில் ஜான் ஹாரிஸ் என்பவர் குண்டு வைத்தார். ஒரு வயதான பெண்மணி இறந்தார், பலருக்குக் காயம். 1965 ஏப்ரலில் ஹாரிஸைத் தூக்கில் போட்டார்கள். அவர் யார் தெரியுமா? விளையாட்டில் நிறவெறியை எதிர்த்த சான்ராக் அமைப்பின் தலைவர். தென்னாப்பிரிக்காவை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப் பாடுபட்ட அமைப்பு. குண்டு வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டதற்கு இந்த ஸ்டேஷனும் ஒரு பதில் வைத்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

தெற்கு மாசி

இது எனக்குப் புதுத் தகவல்.

கொஞ்சம் மூச்சு விட வேறு கேட்கிறேன். 1935ல் ஆஸ்திரேலியாவின் மக்கேப் அடித்த 189 இங்கேயா?

கணக்குப்பிள்ளை

இங்கேதான். அப்போது புல் பிட்ச். டேவ் நர்ஸின் மகன் டட்லி நர்ஸ் 231 அடித்து ஆஸ்திரேலியாவுக்கு 399 இலக்கு. கடைசி நாள் இடி மின்னலோடு வானம் இருட்ட, மக்கேப் அடித்த அடியில் ஃபீல்டர்களுக்கு ஆபத்து என்று தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹெர்பி வேட் வெளிச்சம் போதவில்லை என்று முறையிட்டார். பேட்டிங் செய்பவர்கள் கேட்பதுதான் வழக்கம், இங்கே தலைகீழ். 274க்கு 2ல் ஆட்டம் நின்றது, மக்கேப் 189 நாட் அவுட். மழை மட்டும் பொறுத்திருந்தால்!

1910ல் வேறொரு வேடிக்கை. இங்கிலாந்தின் சிம்சன் ஹேவர்ட் என்பவர் கையைத் தூக்காமல் அண்டர்ஆர்ம் போட்டு ஒரே இன்னிங்ஸில் 6/43. அதுவும் தன் முதல் டெஸ்டில். நம் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவது மாதிரி போட்டு டெஸ்ட் விக்கெட். ஆனாலும் ஃபாக்னர் 78, 123, கூடவே 8 விக்கெட். தென்னாப்பிரிக்கா 19 ரன்னில் ஜெயித்தது.

பழைய ஸ்கோர்புக்

நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. லோமனின் 9/28 டெஸ்டில் சிறந்த இன்னிங்ஸ் பந்துவீச்சாக 60 வருஷம் நின்றது. பார்ன்ஸின் 17 ஒரு டெஸ்டில் அதிக விக்கெட் என்று 42 வருஷம். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் ஜிம் லேக்கர் உடைத்தார், 1956 ஜூலையில் ஓல்ட் டிராஃபோர்டில், 19/90. அதே 1956 டிசம்பரில் புதிய வாண்டரர்ஸில் முதல் டெஸ்ட்.

தெற்கு மாசி

அப்போ அந்த மண்ணின் சாதனை எதுவுமே இப்போது மிச்சமில்லையா?

கணக்குப்பிள்ளை

ஒன்று இருக்கிறது. 1921 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஜாக் கிரெகரி 70 நிமிடத்தில் அடித்த சதம். 67 பந்து. பந்துக் கணக்கில் 1985-86 தொடரில் விவ் ரிச்சர்ட்ஸ் 56ல் அடித்துத் தாண்டினார், 2016ல் மெக்கல்லம் 54. ஆனால் நிமிடக் கணக்கில் மெக்கல்லத்துக்கு 79, மிஸ்பாவுக்கு 74. கிரெகரியின் 70 அப்படியே நிற்கிறது.

நார்ப்பாய்

அந்தக் காலத்தில் ஓவரைக் கடகடவென்று போட்டுவிடுவார்கள், அதனால் நிமிடம் குறைவு. இப்போது ஒரு ஓவருக்கு ஃபீல்டு மாற்றவே இரண்டு நிமிடம். பந்துக் கணக்குதான் நியாயம்.

தெற்கு மாசி

பாயில் எடுத்த விக்கெட்டைக் குறைக்கக் கூடாது என்று என்னோடு சண்டை போட்டீர்கள். பாயில் அடித்த சதத்தை மட்டும் குறைக்கலாமா?

நார்ப்பாய்

அது வேறு. நான் பாயைச் சொல்லவில்லை, கடிகாரத்தைச் சொல்கிறேன்.